சுன்னாகத்துக் கிணறுகள்: ஊர் திரும்புவோர் அறிய வேண்டியவை

சுன்னாகம், மல்லாகம் பகுதிகளில் முகாம்களிலும் குத்தகைக் காணிகளிலும் இருந்தவர்கள் 2015ஆம் ஆண்டை எளிதில் மறக்க மாட்டார்கள். ஒழுங்கை முகப்புகளில் நீர்த்தாங்கிகள் வைக்கப்பட்டிருந்தன. பவுசர் எப்போது வரும் என்று குடங்களும் கலன்களும் வரிசையில் காத்திருந்தன. வளவுக்குள்ளேயே கிணறு, கிணறு நிறையத் தண்ணீர். ஆனால் அதைக் குடிக்கலாமா என்று சொல்ல ஆளில்லை.

அந்நாட்களைப் பற்றி நாம் பேசியபோது, வலிகாமம் வடக்கிலிருந்து 1990இல் இடம்பெயர்ந்து வந்த வயதான தாய் ஒருவர் சொன்னது இது: "தேத்தண்ணி வைச்சா மேலை ஒரு மினுக்கம் நிக்கும். முதல் நான் கேத்திலைத்தான் குறை சொன்னனான். இரண்டு தரம் சாம்பல் போட்டு மினுக்கியும் பாத்தன். பிறகுதான் அயலட்டையிலும் இதே கதை எண்டு தெரிஞ்சுது."

இந்தக் கதையை இப்போது ஏன் எழுதுகிறோம் என்று வாசகர்கள் கேட்கலாம். வலிகாமம் வடக்கில் காணிகள் துண்டு துண்டாக விடுவிக்கப்பட்டு வந்துள்ளன. திரும்பிச் சென்றோர் முதலில் எட்டிப் பார்ப்பது கிணற்றைத்தான். அதே வேளையில் காங்கேசன்துறை, பரந்தன், மாங்குளம் ஆகிய இடங்களில் கைத்தொழில் வலயங்கள் அமைக்கும் எண்ணத்தையும் அரசு அண்மைய ஆண்டுகளில் அறிவித்திருக்கிறது. பிள்ளைகளுக்கு வேலை வேண்டும், ஆகவே தொழிற்சாலைகள் வரவேண்டாம் என்று நாம் சொல்லமாட்டோம். ஆனால் சுன்னாகத்தில் என்ன பிழைத்தது என்பதை அறியாமல் அவற்றை வரவேற்கவும் கூடாது.

எமது நிலம் ஒரு வடிகட்டி அல்ல

யாழ் குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு கிடையாது. தெல்லிப்பழைப் பக்கம் தொடங்கி அராலிப் பக்கம் கடலேரியைச் சேரும் வழுக்கையாறும் மாரியில் மட்டுமே ஓடுவது. ஐப்பசி தொடக்கம் மார்கழி வரை பெய்யும் மழை செம்மண்ணினூடாக இறங்கிச் சுண்ணாம்புக் கல்லின் வெடிப்புகளிலும் பொந்துகளிலும் தேங்குகிறது. நாம் துலாவாலும் பட்டையாலும் இறைத்ததும், இன்று பம்பால் இறைப்பதும் அந்த நீரைத்தான். அது கடல்நீரின் மேல் மிதந்து நிற்கும் ஒரு நன்னீர்ப் படை. நிலாவரைக் கிணற்றில் மேலே நன்னீரும் ஆழத்தில் உவர்நீரும் இருப்பது இதனாலேயே.

மணல் நிலத்தில் அழுக்கு நீர் மெல்ல ஊறிச் செல்லும்போது ஓரளவு வடிகட்டப்படும். சுண்ணாம்புக் கல்லில் அப்படியல்ல. ஒரு வெடிப்பு அகப்பட்டால் குழாயில் ஓடுவதுபோல் ஓடிவிடும். எந்தப் பக்கம் ஓடும் என்று மேலே நிற்பவர் சொல்ல முடியாது. அடுத்த வீட்டுக் கிணறு நன்றாயிருக்க, கால்மைல் தள்ளிய கிணறு கெட்டுப்போகலாம். கெட்டுப்போனதைத் திரும்ப எடுப்பதும் பெரும்பாடு. எண்ணெய் நீரைவிடப் பாரம் குறைந்தது. ஆகவே நீர்மட்டத்தின் மேல் மிதக்கும். கோடையில் நீர் இறங்க அதுவும் இறங்கிக் கல்லின் இடுக்குகளில் ஒட்டிக்கொள்ளும், மாரியில் நீர் ஏற மீண்டும் கழன்று வரும். "போன வருசம் இல்லை, இந்த வருசம் திரும்ப வந்திட்டுது" என்று பலர் சொன்னதை அதிகாரிகள் சிலர் நம்ப மறுத்தார்கள். நிலத்தின் தன்மையை அறிந்தவருக்கு அதில் வியப்பில்லை.

என்ன நடந்தது

சுன்னாகத்தில் டீசலாலும் உலை எண்ணெயாலும் மின் உற்பத்தி செய்யும் நிலையங்கள் நீண்டகாலம் இயங்கின. தெற்கிலிருந்து வரும் மின்கம்பிகள் போரில் அறுந்துபோன பின் குடாநாட்டுக்கு வெளிச்சம் தந்தவை இவ்வாறான இயந்திரங்களே. அந்த நன்றியையும் மறைக்கக் கூடாது. போர் முடிந்த காலத்தில் அங்கு தனியார் நிறுவனம் ஒன்றின் அனல்மின் நிலையமும் இயங்கியது.

கிணறுகளில் எண்ணெய் மிதக்கிறது என்ற முறைப்பாடுகள் பெருகவே, தேசிய நீர்வழங்கல் வடிகாலமைப்புச் சபை 2013, 2014ஆம் ஆண்டுகளில் சுற்றாடலிலுள்ள 150 கிணறுகளைப் பரிசோதித்தது. அவற்றுள் 109 கிணறுகளில் எண்ணெயும் கொழுப்பும் அனுமதிக்கப்பட்ட அளவை விஞ்சியிருந்தன. ஏறக்குறைய நான்கில் மூன்று கிணறுகள். 2015 ஜனவரியில் மல்லாகம் நீதவான் நீதிமன்றம் தனியார் நிலையத்தின் இயக்கத்தை நிறுத்தும்படி உத்தரவிட்டது.

அதன் பின்னர்தான் குழப்பம் கூடியது. மாகாண சபை நியமித்த நிபுணர் குழு ஒன்று, அஞ்சும் அளவுக்கு நஞ்சு இல்லை என்ற கருத்துப்பட அறிக்கை தந்தது. நீர்வழங்கல் சபையின் அறிக்கை வேறு சொன்னது. போரில் சேதமடைந்த பழைய எண்ணெய்த் தாங்கியால் வந்த வினை என்றார் சிலர். வாகனத் திருத்தகங்கள் ஊற்றும் கழிவு ஒயில் என்றார் வேறு சிலர். மக்கள் வீதிக்கு வந்து போராடினார்கள், உண்ணாவிரதம் இருந்தார்கள். சந்தைக்கு மரக்கறி கொண்டுபோனவர்களோ, எந்த ஊர்த் தோட்டம் என்று கேட்டால் பதில் சொல்லத் தயங்கினோம் என்று எம்மிடம் கூறினர். குடிக்கலாமா, பிள்ளையைக் குளிப்பாட்டலாமா, வெங்காயத்துக்கு இறைக்கலாமா என்ற மூன்று கேள்விகளுக்கும் ஒரே வாயால் பதில் சொல்ல எந்த அலுவலகமும் முன்வரவில்லை.

இந்தத் தர்க்கம் நீண்டதற்கு ஒரு காரணம் உண்டு, நாம் குறிப்பாகக் கவனிக்க வேண்டியது அதையே. இயந்திரங்கள் ஓடத் தொடங்குமுன் அயற்கிணறுகள் எப்படி இருந்தன என்ற முறையான பதிவு மக்கள் கையில் இல்லை. முன்பு நல்ல தண்ணீர் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் தெரியும் என்பது வேறு, காகிதத்தில் இருப்பது வேறு.

நீதிமன்றம் சொன்னது

மக்கள் சார்பில் உயர் நீதிமன்றம் சென்றவர் தென்னிலங்கையைச் சேர்ந்த சுற்றாடல் ஆர்வலர் ரவீந்திர குணவர்தன காரியவசம். சுன்னாகத்தில் அவருக்குக் கிணறு இல்லை. எனினும் அடிப்படை உரிமை மீறல் மனுவை நீதிமன்றம் ஏற்று விசாரித்தது. 2019 ஏப்ரல் 4ஆம் திகதி வழங்கிய தீர்ப்பில், மண்ணும் நிலத்தடி நீரும் மாசடைந்தமைக்கு அந்தத் தனியார் நிலையம் பொறுப்பு என்றும், கண்காணிக்க வேண்டிய அரச நிறுவனங்கள் தம் கடமையில் தவறின என்றும் கண்டது. மாசுபடுத்தியவரே செலவை ஏற்கவேண்டும் என்ற நெறியின்படி 2 கோடி ரூபா செலுத்தும்படி கட்டளையிட்டது. ஒருவருக்கு 40,000 ரூபாவுக்கு மேற்படாமல், 500 பேருக்குக் குறையாமல், கிணறுகளைத் துப்புரவு செய்வதற்காக அப்பணம் பகிரப்பட வேண்டும் என்பது ஏற்பாடு.

தீர்ப்பு பெரியது, தொகை சிறியது என்பது எமது அபிப்பிராயம். 40,000 ரூபாவில் ஒரு கிணற்றை இறைத்துக் கழுவலாம். கிணற்றுக்கு ஊற்றுத் தரும் கல்லைக் கழுவ முடியாது.

இன்னொன்றும் எம்மை உறுத்துகிறது. கிணற்றைத் துப்புரவாக்கத் தரும் பணம் இயல்பாகவே கிணற்றுச் சொந்தக்காரரைத் தேடிப் போகும். மல்லாகம் கோணப்புலம், சுன்னாகம் சபாபதிப்பிள்ளை போன்ற முகாம்களில் ஆண்டுக்கணக்காக இருந்த எமது மக்களுக்குச் சொந்தமாக எந்தக் கிணறு இருந்தது? பொதுக் கிணற்றிலோ, காணிக்காரர் மனம் வைத்துத் திறந்துவிட்ட கிணற்றிலோதான் அள்ளினார்கள். தண்ணீர் நாறுகிறது என்று வெளியே சொன்னால் காணிக்காரருக்குச் சங்கடம், குத்தகைக் காணி கைமாறிவிடுமோ என்ற பயம். ஆகையால் வாய் திறக்காமலே இருந்தவர்கள் பலர். "மற்றவையின்ரை கிணத்தைப் பற்றி நாங்கள் என்னெண்டு பெட்டிசம் எழுதிறது?" என்று ஒரு கமக்காரர் எம்மிடம் கேட்டார்.

எழுதலாம் ஐயா. கிணறு காணிக்காரருடையது. அதற்குள் வரும் நீர் அவருடைய வேலியோடு நிற்பதில்லை. பொதுத் தொல்லை பற்றி நீதவானுக்கு அறிவிக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 98ஆம் பிரிவு இடமளிக்கிறது. அதற்குக் காணி உறுதி தேவையில்லை. பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் முறையிடவும் உறுதி தேவையில்லை. தென்னிலங்கையிலிருந்து வந்த ஒருவர் சுன்னாகத்து நீருக்காக வழக்காட முடிந்ததென்றால், அந்த நீரையே குடித்தவர் வாய் திறக்க ஏன் கூசவேண்டும்?

வேறிடங்களில்

இது தமிழ்ப் பகுதிக்கு மட்டும் நேர்ந்ததென்று எண்ண வேண்டாம். கம்பஹா மாவட்டத்தின் ரத்துபஸ்வல கிராமத்தில் கிணற்று நீர் அமிலத்தன்மை அடைந்ததற்கு அயலிலிருந்த தொழிற்சாலையே காரணம் என்று மக்கள் நம்பினார்கள். 2013 ஆகஸ்ட் 1ஆம் திகதி நல்ல தண்ணீர் கேட்டு வீதிக்கு இறங்கியவர்கள் மீது இராணுவம் சுட்டதில் மூவர் உயிரிழந்தனர். அவர்களும் எம்மைப் போன்ற ஊர்ச் சனங்களே.

தமிழ்நாட்டின் ஈரோடு, கரூர் மாவட்ட முகாம்களிலிருந்து திரும்பிய எமது உறவுகள் நொய்யல் ஆற்றை அறிந்திருப்பர். திருப்பூரின் சாயப்பட்டறைக் கழிவு அதில்தான் இறங்கியது. பாசனத்துக்காக 1992இல் திறந்த ஒரத்துப்பாளையம் அணை சாயநீர் தேங்கும் குளமாயிற்று. அணை நீரைத் திறந்துவிட வேண்டாம் என்று கீழ்ப்பகுதிக் கமக்காரரே கேட்கும் நிலை வந்தது. அவர்கள் சங்கமாகச் சேர்ந்து ஆண்டுக்கணக்காக வழக்காடினார்கள். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம், ஒரு துளி கழிவும் வெளியேறாதபடி செய்யாத சாயப்பட்டறைகளை மூடும்படி உத்தரவிட்டது. அதன் பின் கழிவுநீரிலிருந்து நீரையும் உப்பையும் பிரித்தெடுத்து மீண்டும் பாவிக்கும் பொறிகளை அமைத்தே பட்டறைகள் திறக்க வேண்டியதாயிற்று. செலவு பெரிதுதான். அந்தச் செலவை அதுவரை வயலும் கிணறும் செலுத்திக்கொண்டிருந்தன.

பட்டணத்துக் குழிகள்

எண்ணெய் கண்ணுக்குத் தெரிந்ததால் ஊர் கூடியது. கண்ணுக்குத் தெரியாத ஒன்று எமது வளவுகளிலேயே உண்டு. யாழ் நகரில் நகர் முழுவதற்குமான மலக்கழிவுக் குழாய்த் தொகுதி இன்றும் இல்லை. ஒவ்வொரு சிறு வளவிலும் ஒரு கிணறு, ஒரு மலசலகூடக் குழி. முகாம்களிலோ நிலைமை இன்னும் மோசம், குடிசைகளின் நெருக்கத்தில் குழியும் கிணறும் பக்கத்துப் பக்கத்தில் அமைந்துவிட்டன. குழியிலிருந்து ஊறும் கழிவும், தோட்டத்துக்கு அளவுமீறி இடும் யூரியாவும் சேர்ந்து நீரில் நைத்திரேற்றைக் கூட்டுகின்றன. 1980களிலிருந்தே ஆய்வுகள் இதைக் காட்டி வந்துள்ளன.

குடிநீரில் ஒரு லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் நைத்திரேற்று இருக்கக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல். நைத்திரேற்றுக்கு நிறமில்லை, மணமில்லை. குளோரின் கிருமியைக் கொல்லும், இதை அகற்றாது. கொதிக்க வைத்தால் நீர் ஆவியாகிப்போக நைத்திரேற்றின் செறிவு கூடும். ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு இந்நீரில் பால்மா கரைத்துக் கொடுத்தால் இரத்தம் உயிர்வாயுவைச் சுமக்கும் திறன் குறைந்து உடல் நீலம் பாரிக்கலாம். தாய்ப்பால் கொடுக்கும் வீட்டில் இந்த ஆபத்து மிகக் குறைவு.

குழிக்கும் கிணற்றுக்கும் 50 அடி தூரம் என்று பொதுவாகச் சொல்வார்கள். அது மண் ஆழமான நிலத்துக்குப் பொருந்தும். கல் மேலே தெரியும் நிலத்தில் 100 அடி விட்டாலும் உறுதி கூற முடியாது. ஆகவே புது வீடு கட்டுவோர் அடி திறந்த குழியை விட்டு, சீமெந்தால் அடியும் சுவரும் பூசிய மூடிய தொட்டி கட்டுவதே நல்லது. நிரம்பினால் பவுசரை அழைத்து எடுப்பிக்க வேண்டும். அந்தப் பவுசர் எங்கே கொண்டுபோய் ஊற்றுகிறது என்பதையும் பிரதேச சபையிடம் கேளுங்கள். வெறுங்காணியிலும் கல்லுண்டாய் வெளி போன்ற தாழ்நிலத்திலும் கொட்டினால் அழுக்கு இடம்மாறியதே தவிர அகலவில்லை.

குழாய்நீர் வந்துவிடும், பிறகு கிணறு எதற்கு என்று சிலர் கேட்கிறார்கள். இரணைமடு நீரை யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுவரும் திட்டத்தைக் கிளிநொச்சிக் கமக்காரர் எதிர்த்தார்கள். அவர்களுடைய வயலும் காயக்கூடாதல்லவா? பின்னர் தாளையடியில் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் அமைக்கப்பட்டு 2024இல் திறக்கப்பட்டது. குசினிக்கு அது உதவும். வெங்காயத்துக்கும் புகையிலைக்கும் பீற்றூட்டுக்கும் குழாய்நீர் இறைத்துக் கட்டுப்படியாகுமா என்பதைக் கமம் செய்பவருக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை.

செய்யக்கூடியவை

திரும்பிச் செல்வோர் முதலில் பழைய கிணற்றை இறைத்து, குப்பை அகற்றி, ஒரு மாரி கழிந்தபின் நீரைப் பரிசோதிப்பியுங்கள். எண்ணெய்க்கான பரிசோதனை என்றால் கழுவி உலர்த்திய கண்ணாடிப் போத்தலில் எடுக்க வேண்டும். பிளாஸ்ரிக் போத்தலில் எண்ணெய் ஒட்டிக்கொள்ளும். பம்பு போடுமுன் காலையில், நீரின் மேற்பரப்பிலிருந்து எடுத்து, திகதியும் இடமும் எழுதி ஒட்டி, தாமதமின்றிச் சேர்ப்பியுங்கள். அறிக்கையின் பிரதியைக் கேட்டு வாங்கிக் காணி உறுதியோடு வைத்துக்கொள்ளுங்கள். குத்தகைக்காரர் என்றாலும் பிரதி உங்களிடமும் இருக்கட்டும்.

நீரின் மேல் மினுங்கும் படலம் எல்லாம் எண்ணெய் அல்ல. ஒரு தடியால் கலக்கிப் பாருங்கள். கண்ணாடி உடைந்ததுபோல் துண்டு துண்டாகப் பிரிந்து நின்றால் பெரும்பாலும் இரும்புச் சத்தில் வளரும் நுண்ணுயிர்களின் வேலை. கலைந்து சுழன்று மீண்டும் ஒன்றுசேர்ந்தால் எண்ணெய் என்று சந்தேகிக்கலாம். எண்ணெய் என்றால் கொதிக்க வைப்பதாலோ குளோரின் இடுவதாலோ பயனில்லை. சவர்க்காரத் தூள் போட்டுக் கழுவ முயல்வதும் தவறு, எண்ணெயைக் கரைத்து நீரோடு கலந்துவிடும். குடிப்பதையும் சமைப்பதையும் நிறுத்தி, பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கு எழுத்தில் அறிவித்து, கடிதத்தின் பிரதியில் திகதியும் கையொப்பமும் பெறுங்கள்.

எமது வீட்டுக் குறையையும் பார்ப்போம். மண்ணெண்ணெய் பம்பைக் கிணற்றுக் கட்டிலேயே வைத்து ஒயில் மாற்றுவதைப் பல தோட்டங்களில் கண்டோம். கட்டிலிருந்து தள்ளி, தட்டு ஒன்றின் மேல் வைத்து மாற்றலாம். திருத்தகக்காரர் கழிவு ஒயிலை மண்ணில் ஊற்றாமல் பீப்பாவில் சேர்க்கச் செய்ய ஊர்ச் சங்கமே போதும்.

பெரிய தொழிற்சாலை வருமுன் கேட்க வேண்டியவை வேறு. 1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்கத் தேசிய சுற்றாடல் சட்டத்தின் கீழ் மாசு வெளிவிடும் தொழில்களுக்குச் சுற்றாடல் பாதுகாப்பு அனுமதிப்பத்திரம் வேண்டும். பெருந்திட்டங்களுக்குச் சுற்றாடல் தாக்க மதிப்பீட்டு அறிக்கை தயாராகும்போது பொதுமக்கள் கருத்துக் கூற 30 நாட்கள் தரப்படும். அந்த அறிவித்தல் முகாமுக்குத் தேடி வராது. பிரதேச செயலகத்தில் கேட்டு அறிய வேண்டும். எண்ணெய்த் தாங்கியைச் சுற்றி, உடைந்தாலும் முழுவதையும் தாங்கும் சீமெந்து அணை உண்டா? மழைநீர் எண்ணெய் பிரிக்கும் தொட்டியினூடாகத்தான் வெளியேறுமா? அயற்கிணறுகளை யார், எத்தனை மாதத்துக்கொருமுறை பரிசோதிப்பார்? காங்கேசன்துறைச் சீமெந்து ஆலைக்காகச் சுண்ணாம்புக்கல் அகழ்ந்த பாரிய குழிகளில் எவரும் கழிவு கொட்டமாட்டார் என்பதற்கு என்ன ஏற்பாடு? அக்குழியில் கொட்டுவது கிணற்றுக்குள் கொட்டுவதற்குச் சமம்.

சென்ற கோடையில் மீளக் குடியமர்ந்த ஒரு குடும்பத்தை நாம் பார்க்கப் போயிருந்தோம். தகரக் கொட்டில், கட்டு இடிந்த கிணறு, நாலு பரப்பில் வெங்காயம். தகப்பன் மகளின் பழைய பள்ளிக் கொப்பி ஒன்றைக் கொண்டுவந்து காட்டினார். ஒவ்வொரு மாதமும் பறுவத்தன்று கயிற்றில் கல்லைக் கட்டி நீர்மட்டம் அளந்து, நிறம், மணம், சுவை எல்லாம் மகளின் கையெழுத்தில் பதிந்திருந்தது. முதற் பக்கத்தில் நீர்ப் பரிசோதனை அறிக்கை ஒட்டப்பட்டிருந்தது. முகாமில் இருந்தபோது ஏன் இப்படி எழுதவில்லை என்று கேட்டோம். "அது எங்கடை கிணறு இல்லையே எண்டு விட்டிட்டம்" என்றார். பக்கத்துக் காணிக்கு இன்னும் ஆட்கள் வரவில்லை. அந்தக் கிணற்றையும் அளந்து, கொப்பியின் பின்பக்கத்தில் வேறாக எழுதி வருகிறாராம்.